கிழக்குச் சுவருக்குப் போன நாலு மூட்டைச் சாம்பல்

கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

வேறொன்றும் நடக்கவில்லை. சத்தம் இல்லை, உடைசல் இல்லை. பாலக்காட்டில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட சோதனைக்கூடத்தில், ஈரச் சாக்கை விலக்கி, பதினாலு நாள் வயதான ஒரு சாந்துக் கட்டியைக் கையில் எடுத்தேன். கல் மாதிரி இருக்க வேண்டியது. பிடித்த இடத்தில் விரல் பதிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல நகம் வரைக்கும் இறங்கிற்று.

பக்கத்தில் அதே வயதில் இன்னொரு கட்டி இருந்தது. அதை எடுத்துத் தரையில் தட்டினேன். 'டிங்' என்றது.

இரண்டும் நான் செய்தவை. ஒரே சுண்ணாம்பு, ஒரே மணல், ஒரே தண்ணீர். சாம்பல் மட்டும் வேறு.

திங்கட்கிழமை முற்பகல். கணவாய்க் காற்று ஆரம்பித்திருந்தது; தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கட்டியைப் பற்றிய கவலையே வரவில்லை. எருத்தேன்பதியில் ஆறுச்சாமிக் கவுண்டர் தோட்டத்தில் ஆளுயரத்துக்கு எழும்பி நின்ற தண்ணீர்த் தொட்டிதான் கண்ணுக்குள் வந்தது. இந்த உதவாத சாம்பலில் நாலு மூட்டை அந்தத் தொட்டிக்குள் எங்கேயோ இருந்தது. எந்தச் சுவரில் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அதில் தண்ணீர் விடப்போகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வருகிறார். அது மட்டும் தெரியும்.

சாம்பல் டீச்சர்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, சாம்பலில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். என் அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

"சாம்பல அள்ளுததுக்கா உன்னக் காலேசுக்கு அனுப்புனோம்? அதுக்கு இங்கனயே இருந்திருக்கலாம்லா."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் அப்பா தேவிகுளத்துக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட் பாக்டரியில் அடுப்பு பார்த்தவர். கொழுந்தை உலர்த்தும் எந்திரத்துக்குச் சூடு போடுகிற பெரிய விறகு அடுப்பு. வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். குளித்தால் கறுத்துவிடும். சின்ன வயதில் அப்பாவுக்குத் தினமும் வயசாகித் தினமும் குறைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆனது. பாத்திரம் தேய்க்க, பல் தேய்க்க, மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் வாசலைச் சுற்றித் தூவ. ஒன்றுக்கு மட்டும் ஆகாது. ஒரு வருஷம் யாரோ நல்ல எண்ணத்தில் தேயிலை நாற்றங்காலில் சாம்பலைக் கொட்டிவிட, நாற்று முழுக்க மஞ்சளடித்துப் போனது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பைக் கெடுத்துவிடும். எஸ்டேட் துரை அடுப்பு ஆட்களை வரிசையாக நிறுத்தி விசாரித்தார். கொட்டியவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது அவர்தானா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

போகட்டும். ரசாயனத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு மலையிறங்கிய எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. ஆராய்ச்சி உதவியாளர் என்று பெயர். சேகரன் சார் என்ற பேராசிரியருக்குக் கீழே. ஒல்லியான மலையாளி; தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். எப்போதும் ஒரு பேனா மூடியைக் கடித்துக்கொண்டே யோசிப்பார். பேனா எங்கேயாவது இருக்கும்.

அப்போது சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். கலியாணத்துக்குச் சர்க்கரை வாங்குவதுபோல மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் பாலக்காடு ஜில்லா முழுக்க அரிசி ஆலைகள். ஆலைக்குப் பின்னால் எல்லாம் உமி மலை. உமியைப் பக்குவமாக எரித்தால் வரும் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால், அது சிமெண்ட் மாதிரியே இறுகும். இதுதான் சாரின் ஆராய்ச்சி.

'பக்குவமாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தீ எழும்பக் கூடாது. கம்பி வலைக் கூண்டுக்குள் உமி புகைந்து புகைந்து ஒரு பகல் முழுக்கக் கனிய வேண்டும். அப்படி வருவது கொஞ்சம் கரி கலந்த, பூனை நிறச் சாம்பல். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்கும். அதைக் காலையிலிருந்து மாலை வரை அள்ளிக்கொண்டிருந்ததால் கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சாம்பல் டீச்சர். நான் டீச்சரே அல்ல.

ஆறுச்சாமிக் கவுண்டரின் தொட்டி

கூடத்தில் கட்டி செய்து பார்த்தது போதும், வெளியே ஒன்று கட்டிக் காட்டுங்கள் என்று பணம் கொடுத்த திருவனந்தபுரத்து மேலிடம் சொல்லிவிட்டது. யார் தோட்டத்தில் கட்ட? சாம்பலில் கட்டுகிறோம் என்றால் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஆறுச்சாமிக் கவுண்டர் ஒருவர்தான்.

அவருக்கு அவசரம் இருந்தது. கிணற்றில் மோட்டார் இருந்தது. கரண்ட் வருவதுதான் நிச்சயமில்லை. வரும்போது இறைத்துத் தேக்கிவைத்தால் இல்லாதபோது கடலைக்குப் பாய்ச்சலாம். தொட்டி கட்டச் சிமெண்ட் கேட்டு அவர் போட்ட மனு இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது.

"சாம்பலோ சாணியோ, தண்ணி நின்னாப் போதுமுங்க" என்றார்.

கட்டியவர் மாரப்பன். அந்தப் பக்கத்தில் பேர் போன கொத்தனார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். எங்கள் சாந்தை முதல் தடவை கரண்டியில் எடுத்து, முகர்ந்து பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "பழக வேணுமுங்க" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அவர் வைத்த செங்கல் வரிசையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் போய் அசையாமல் நிற்கும்.

நனைந்த உமி

தப்பு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஓயவில்லை. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து எங்கள் உமி அத்தனையும் நனைந்துவிட்டது. தொட்டியில் கடைசி வேலை பாக்கி. மாரப்பன் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி வரும் தேதியும் குறித்தாகிவிட்டது. சார் ஊரில் இல்லை.

கொல்லங்கோட்டில் ஓர் அரிசி ஆலை. அங்கே நெல் அவிக்கும் உலையில் உமியைத்தான் எரிப்பார்கள். பின்பக்கம் சாம்பல் மேடு. ஓலைக் கூரையின் கீழே இருந்ததால் நனையவில்லை. வெள்ளை வெளேரென்று, லேசான ரோஜா நிறம் கலந்து, பார்க்கவே அழகாக இருந்தது. நம்முடையது அழுக்குப் பூனை நிறம். இதுவோ கரி துளியும் இல்லாமல் எரிந்திருக்கிறது. நம்முடையதைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்க விரும்பினேன்.

எனக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. சாம்பலை அரைக்க எங்களிடம் ஒரு பீப்பாய் இருந்தது. உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும். நல்ல சாம்பல் என்றால் குண்டுகள் மெத்தையில் விழுவதுபோல 'மொத் மொத்'தென்று விழும். அன்று கரகரத்தது. மணலை அரைப்பதுபோல. விரலில் தேய்த்தேன். நறநறத்தது. பரவாயில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினேன்.

கடும் தீயில் நெடுநேரம் கிடந்த சாம்பல் உள்ளுக்குள்ளே மணலாகவே மாறிவிடுகிறது. சுண்ணாம்போடு அது சேராது. பக்கத்தில் சும்மா கிடக்கும். இன்றைக்கு இதை இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலு மூட்டை. வாடகை மாட்டுவண்டியில் எருத்தேன்பதிக்குப் போயிற்று. மிச்சத்தில் வழக்கப்படி மூன்று கட்டியும், டப்பா அடியில் மிஞ்சியிருந்த பழைய சாம்பலில் ஒன்றும் வார்த்து ஈரச் சாக்கில் வைத்தேன். குறிப்பேட்டில் 'சாம்பல், நாலு மூட்டை' என்று எழுதினேன். எங்கே எடுத்தது என்று எழுதவில்லை. மறதி இல்லை அது. எழுதினால் சார் கேட்பார்.

"வேற ஆருக்கெங்கிலும் தெரியுமோ?"

திங்கட்கிழமை பிற்பகல் சாரின் அறைக்குப் போனேன். விரல் பதிந்த கட்டியை மேஜைமேல் வைத்தேன். சொன்னேன். என் குரல் எனக்கே அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

சார் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். கட்டியைத் தன் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் முதலில் கேட்டது:

"வேற ஆருக்கெங்கிலும் தெரியுமோ?"

"இல்ல சார்."

"இது சிமெண்ட் ஒண்ணும் இல்லல்லோ, பாக்கியம். சுண்ணாம்புச் சாந்து மெல்லத்தான் பலப்படும். இருபத்தெட்டு நாள் ஆகட்டே. அப்பறம் நோக்கலாம்."

"வெள்ளிக்கிழமை தண்ணி விடணுமே, சார்."

"பாதி நிறைச்சால் மதி. பாதி போதும். ஆபீசர் பத்து நிமிஷம் நின்னு நோக்கிட்டுப் போவார்."

அவர் கெட்டவர் அல்ல. மூன்று வருஷ உழைப்பு அந்தத் தொட்டியில் இருந்தது. அதிகாரி தலையசைத்தால் ஆராய்ச்சி நீளும். இல்லையென்றால் கூண்டையும் பீப்பாயையும் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். என் வேலையும் அதில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் மனசுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அடி. இரண்டடி. பாதித் தொட்டி என்றால் என் இடுப்பளவு. அத்தனை தண்ணீரும் எந்தச் சுவரைத் தள்ளும்? அதன் அந்தப் பக்கம் யார் நின்றுகொண்டிருப்பார்கள்? அதிகாரியைப் பார்க்க ஊரே கூடியிருக்கும். இருபத்தெட்டு நாளில் இறுகிவிடலாம் என்று சார் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். போய்க் கட்டியை மறுபடி அமுக்கிப் பார்த்தேன். ஒரே நாளில் ஐந்தாறு தடவை. அது என் விரல்களால் பொத்தலாகிப்போனது.

விடுதியில் சோற்றைப் பிசைந்தேன். கை அதன் குழைவைத் தொட்டதும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

எருத்தேன்பதி பஸ்

புதன்கிழமை காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கொழிஞ்சாம்பாறையில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். காத்திருந்தபோது திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். எதிர்ப்பக்கம் பாலக்காட்டு பஸ் தயாராக நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுறீங்களா, அக்கா?" என்றுகூடக் கேட்டான். இல்லை என்று தலையாட்டியது நானா, என் கழுத்தா, தெரியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கிக் கள்ளிவேலி ஓரமாக இட்டேரி வண்டிப்பாதையில் நடந்தேன். கரிசல் மண் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. தொட்டி தூரத்திலேயே தெரிந்தது. நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. உடனே அந்த நிம்மதிமேல் ஒரு வெறுப்பு.

கிட்டத்தில் போனபோது தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. மாரப்பன் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு கிழக்குச் சுவரை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து பத்து நாளுக்கு மேலாகிறது. அவருக்கு அங்கே வேலையே இல்லை.

என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். திருட்டுத்தனத்தில் அகப்பட்டவர் முகம்.

"வாங் அம்மிணி. சும்மா... இந்தப் பக்கம் வந்தனுங்க. ஈரம் காயாம இருக்கட்டுமேன்னு."

"கிழக்குச் சுவர மட்டும் ஏண்ணே நனைக்கீங்க?"

அவர் குனிந்து குடத்தின் வாயைத் துடைத்தார். அதிலேயே எனக்கு நாலு மூட்டையும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோனது. உள்பூச்சுக்கு ஆள் போய்வர வசதியாகக் கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்து, கடைசியில்தான் அடைத்தார்கள்.

உதிர்ந்த செங்கல்

கவுண்டரும் அவர் மனைவி பழனாத்தாளும் கடலைக் காட்டிலிருந்து வந்தார்கள். மூன்று பேரும் நிற்க, நான் சொன்னேன். மழை, ஆலை, வெள்ளைச் சாம்பல், எழுதாமல் விட்ட குறிப்பு, எல்லாம். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சாம்பல் கெட்டது ஐயா. நான்தான் கொடுத்தனுப்புனேன். மாரப்பண்ணன் மேல தப்பே இல்ல."

மாரப்பன் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் ஆடியது. அழுகிறாரா என்று பயந்தேன். கையை எடுத்தபோது கண் வறண்டுதான் இருந்தது.

"பத்துப் பன்னண்டு நாளா வவுத்துல நெருப்பக் கட்டிட்டுத் திரியறனுங்க, அம்மிணி. எறுகவே மாட்டேங்குது. நாந்தான் தண்ணி அளவு தப்பிப் போட்டேனோ, நாந்தான் கலக்கறப்ப ஏமாந்துட்டேனோன்னு. கவுண்டருகிட்டச் சொல்றதுக்கும் பயம். சொன்னா அப்பறம் இந்தூர்ல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"எனக்கு மூணு நாளாத்தான் தெரியும்ணே."

"மூணு நாளு" என்று திரும்பச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கவுண்டர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் அம்மிணி, வெள்ளிக்கெழம தண்ணி உட்டிருந்தா?"

"உடைஞ்சிருக்கும் ஐயா. எப்பன்னு சொல்ல முடியாது."

"எம்பட பேத்தி அந்தச் செவுத்து மேல ஏறிக் கால ஆட்டீட்டு உக்காந்திருக்குமுங்க" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பழனாத்தாள் என்னை நேராகப் பார்த்தார். "படிச்சவிங்க சொன்னாச் செரியா இருக்குமுன்னு நம்பித்தானுங்களே எடங்குடுத்தோம்."



மாரப்பன் எழுந்தார். கிழக்குச் சுவரில் மேல் வரிசைச் செங்கல் ஒன்றைப் பிடித்தார். கடப்பாரை இல்லை, சுத்தியல் இல்லை. வெறுங்கையால் இடவலமாக ஓர் ஆட்டு ஆட்டினார். செங்கல் கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ஒட்டியிருந்த சாந்தைப் பெருவிரலால் தள்ளினார். ஈர மாவாக உதிர்ந்தது.

"அக்கட்டாலப் போங்க எல்லாரும்" என்றார்.

பிற்பகலுக்குள் சுவரை இறக்கிவிட்டார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு செங்கல் சுமந்தேன். ஒரு செங்கல்கூட உடையவில்லை. அந்த அளவுக்கு அந்தச் சாந்து எதையுமே பிடித்திருக்கவில்லை. மற்ற மூன்று சுவர்களையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். 'டங் டங்'கென்று கேட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் நான் கண்ணை மூடித் திறந்தேன்.

போகும்போது பழனாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தார்.

வியாழன்

சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"நாளைக்கு ஆபீசர் வர்றார். மூணு சுவரோட தொட்டி. நான் எந்து பறயணும்? நீயே சொல்லு."

சார் ஜன்னல் கம்பியை விரலால் தட்டினார்.

"கொத்தனாருடைய வேலை சரியாயில்ல, அதுனால பொளிச்சு இறக்கிட்டோம்னு சொல்லிடலாம். அவர் அதுக்கு மேல கேக்க மாட்டார்."

சார் என்னைத் திரும்பிப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படிச் சொன்னீங்கன்னா, நான் அங்கயே மறுத்துச் சொல்லிருவேன், சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று புரிந்தது. சார் 'போ' என்பதுபோலக் கையை மட்டும் அசைத்தார்.

வெள்ளி

ஜீப் பத்து மணிக்கு வந்தது. அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். எதிர்பார்த்ததுபோலவே ஊர் கூடியிருந்தது. மாரப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கழுவிய கரண்டியோடு, இடித்த பக்கத்தில் நின்றார். கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். சாருக்குப் பின்னால் நான்.

அதிகாரி மூன்று சுவர்களையும் பார்த்தார். நான்காவது இல்லாத இடத்தைப் பார்த்தார். குடை நுனியால் மாரப்பனைச் சுட்டிக்காட்டி மலையாளத்தில் கேட்டார்:

"இது மேஸ்திரி செய்த குழப்பமாணோ?"

மாரப்பனுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். அவர் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

சார் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. அந்த இடைவெளி ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ இருக்கும். இத்தனை வருஷத்தில் அதைவிட நீளமான நேரத்தை நான் கடந்ததில்லை.

"இல்ல சார்" என்றேன். "கொத்தனார் மேல தப்பில்ல. சாம்பல் தப்பு. அது நான் எடுத்த சாம்பல்."

பையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து நீட்டினேன். ஒன்றில் பூனை நிறம். ஒன்றில் ரோஜா நிறம். அவசரமாகப் பிரித்ததில் பாதி அவர் செருப்பின்மேல் கொட்டிவிட்டது.

அதற்குப் பிறகு சார் பேசினார். தீ மிஞ்சினால் சாம்பல் எப்படி மாறிவிடுகிறது, அதனால் இனி ஆலைச் சாம்பலை அப்படியே எடுக்க முடியாது, எரிக்கும் சூட்டை முதலில் கட்டுப்படுத்த வேண்டும் என்று அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசினார். "நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்களே இறக்கினோம்" என்றார். முதலிலிருந்தே அப்படித்தான் சொல்ல இருந்தவர்போலப் பேசினார். அந்த ஒரு விநாடியில் நான் குறுக்கிடாவிட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. நல்லதாகத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கும் நாட்களும் உண்டு.

அதிகாரி குனிந்து செருப்பைத் தட்டிக்கொண்டு, எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கையிலிருக்கும் வேலையை முடித்து அறிக்கை கொடுங்கள். அதற்குமேல் நீட்டிப்பு இல்லை. உதவியாளர் பணியிடம் அத்தோடு முடிகிறது. அதைப் படித்துவிட்டுச் சார் பேனா மூடியைக் கடிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சாரமில்ல" என்றார், என்னைப் பார்த்து. பரவாயில்லை என்று அர்த்தம். நான்தான் அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடியும் கிழக்குச் சுவர்

கவுண்டர் சிமெண்டுக்காகக் காத்திருக்கத் தயாராக இல்லை. "அதே சாம்பல்லயே கட்டுங்க. ஆனா எங்கண்ணு முன்னால எரிக்கோணும்" என்றார்.

கம்பிக் கூண்டை அவர் களத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். தினம் முதல் பஸ்ஸில் போய் வெயில் சாயும்வரை இருந்தேன். புகை எழும்பினால் பரவாயில்லை. தீ நாக்கு தெரிந்தால் பதறி ஓடி உமியைக் கிளறுவேன். பழனாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னைக் கவனிப்பார். ஒரு வாரம் போன பின், நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, "அம்மிணி, தீ எந்திரிக்குது பாரு!" என்று அவரே குரல் கொடுத்தார். அன்றிலிருந்து என்னை வா, போ என்றுதான் பேசினார்.

மாரப்பன் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, விரலில் தேய்த்து, காதுக்கருகே கொண்டுபோய் நறநறக்கிறதா என்று கேட்ட பிறகுதான் கலக்கினார். என்னைக் கேட்கவில்லை. அது சரிதான்.

இருபத்தெட்டு நாள் முடிந்து தண்ணீர் விட்ட அன்று மூலையில் ஓர் இடம் கசிந்தது. மாரப்பன் உள்ளங்கையை அங்கே வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, "வேர்க்குதுங்க, அவ்வளவுதான்" என்றார். மூன்றாம் நாள் அந்த வேர்வை நின்றது. தொட்டி நின்றது.

ஒரு வரி

அறிக்கையை இங்கிலீஷில் நான்தான் எழுதினேன், சார் திருத்தினார். கிழக்குச் சுவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சார் அடித்தார். மறுபடி எழுதினேன். சுருக்கித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் நான் பிடிவாதமாகக் கேட்ட ஒரு வரியை விட்டுவைத்திருந்தார்.

தட்டச்சாகி வந்த பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேலையின் கடைசி வாரத்தில், மாரப்பனைத் தேடிப் போனேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்திலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வரியைத் தமிழில் சொல்லி வாசித்தேன். "கிழக்குச் சுவர் இறுகாததற்குக் காரணம், கடும் தீயில் எரிந்த ஆலைச் சாம்பலைப் போட்டது. கொத்தனாரின் வேலையில் எந்தக் குறையும் இல்லை."

"இன்னொருக்காப் படிங்."

படித்தேன்.

"கவருமெண்டுக்கு இது போயிருச்சுங்களா?"

"போயிருச்சுண்ணே."

"இதுல எம்பேரு எங்கைங்க?"

"பேர் போடல. கொத்தனார்னு போட்டிருக்கு."

"கொத்தனாருன்னா அது ஆரோ ஒருத்தனுங்களே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பேனாவை எடுத்தேன். அந்த இங்கிலீஷ் வரிக்கு மேலே, இடுக்கில், தமிழில் எழுதினேன்: மாரப்பன்.

அவர் தாளை வாங்கினார். சுண்ணாம்பு படிந்த விரலை எழுத்துகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக நகர்த்திக் கூட்டிப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாரம் ஏறினார்.

அது கல்லூரி நூலகத்துக்குப் போக வேண்டிய பிரதி. நான் திரும்பக் கேட்கவில்லை.